குளோன் ஏர் ரைஃபிளில் பின் சைட்டைக் கடைசிவரை தள்ளியும் குண்டு வலப்பக்கமே விழுகிறது, எதைச் சரிசெய்வது?

கேள்வி இதுதான்: டயானா 35-ஐ (குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் ஜெர்மன் ஏர் ரைஃபிள்) பார்த்து இங்கே செய்யப்படும் 0.177 காலிபர் ரைஃபிள். பின் சைட்டை இடப்பக்கம் போகும் வரை திருகியாகிவிட்டது. அப்படியும் 10 மீட்டரில் 4 செ.மீ. வலப்பக்கம் விழுகிறது. பேரல் லாக் (மடக்கிய குழலை மூடிய நிலையில் பிடிக்கும் பூட்டு) லூஸா, சைட் கோணலா?

பேரல் லாக் மேல் சந்தேகப்படுவதை முதலில் விடுங்கள். 35 மாடலில் பின் சைட் பிரீச் பிளாக் (குழலின் பின்முனை செருகியிருக்கும் கட்டி) மேல் இருக்கிறது, முன் சைட் குழல் முனையில் இருக்கிறது. இரண்டும் ஒரே துண்டின் மேல். மடக்கும் இடத்தில் ஆட்டம் இருந்தால் சைட்டும் குழலும் சேர்ந்தேதான் நகரும். இரண்டுக்கும் உள்ள உறவு மாறாது. லாக் ஆட்டம் ஸ்கோப் போட்டவருக்குப் பெரிய தலைவலி, ஏனென்றால் ஸ்கோப் பின்னாலிருக்கும், ஸ்பிரிங் அடங்கிய டியூப் மேல் உட்காருகிறது. உங்கள் ரைஃபிளில் பின் சைட்டும் டியூப் மேல் இருந்தால் மட்டும் லாக்கைப் பாருங்கள்.

சைட்டில் கை வைக்கும் முன் துப்பாக்கி ஒரே இடத்தில் சுடுகிறதா என்று உறுதி செய்யுங்கள். முன்கட்டையின் இரு பக்க ஸ்க்ரூ, டிரிகர் கார்டு ஸ்க்ரூ எல்லாவற்றையும் இறுக்குங்கள். ஸ்பிரிங் ரைஃபிளில் இவை தானாகவே கழன்றுகொண்டே இருக்கும். புது ரைஃபிளில் உள்ளே இருக்கும் அதிகப்படி எண்ணெய் எரிந்து புகையும் சத்தமும் வரும். அது அடங்கும் வரை வேகம் ஏறி இறங்கும், சைட் வைப்பது வீண். முன்கட்டையை மேஜை விளிம்பிலோ செங்கல்லிலோ வைத்துச் சுடாதீர்கள். ஸ்பிரிங் உதைப்பில் துள்ளி வேறெங்கோ போய் விழும். மணல் பை மேல் உள்ளங்கையை வைத்து, அந்தக் கையில் ரைஃபிள் சும்மா உட்கார்ந்திருக்கட்டும், இறுக்கிப் பிடிக்க வேண்டாம். ஒரே டப்பா பெல்லட்டில் ஐந்து ஐந்தாக மூன்று தாள் சுடுங்கள். மூன்றிலும் கூட்டம் ஒரே பக்கம் விழுந்தால்தான் அது சைட் பிரச்சினை. சிதறினால் வேறு வியாதி.

இப்போது பின் சைட்டை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். ஓரத்தில் நிற்கும் சைட்டை வைத்துக்கொண்டு எதையும் அளக்க முடியாது. நடுவில் வைத்து மறுபடி ஐந்து சுட்டு, கூட்டத்தின் மையம் புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளி என்று ஸ்கேலில் அளங்கள். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே உள்ள தூரத்தையும் அளங்கள். அது 45 செ.மீ. என்றும், குண்டு 6 செ.மீ. வலப்பக்கம் என்றும் வைத்துக்கொள்வோம். 6-ஐ 45-ஆல் பெருக்கி 1000-ஆல் (10 மீட்டர் = 1000 செ.மீ.) வகுத்தால் 0.27 செ.மீ. அதாவது சைட் 2.7 மி.மீ. நகர வேண்டும். கோணல் முழுவதும் சைட்டில்தான் என்றால், இவ்வளவு பிசகு கண்ணுக்கே தெரிய வேண்டும். பார்த்தால் சைட் நேராகத் தெரிகிறது என்றால் குழல் வளைந்திருக்கலாம், அல்லது குழலின் துளையே மையம் விலகிப் போடப்பட்டிருக்கலாம்.

இதைப் பிரித்தறிய, காலியான, காக் செய்யாத (ஸ்பிரிங்கை ஏற்றாத) ரைஃபிளை வைஸில் துணி சுற்றிப் பிடியுங்கள். பிரீச் பிளாக்கின் தட்டையான மேல்பரப்பில் சின்ன ரசமட்டம் வைத்து மட்டம் பாருங்கள். எதிரே நான்கைந்து மீட்டரில் ஒரு தூக்குக்குண்டு தொங்கவிட்டு, முன் சைட்டின் முள்ளை அந்த நூலோடு ஒப்பிடுங்கள். 15 மி.மீ. உயர முள் 3 டிகிரி சாய்ந்தால் அதன் நுனி 0.8 மி.மீ. விலகும், 10 மீட்டரில் அது 1.7 செ.மீ. முள்ளுக்கு இரு பக்கமும் குழலின் வெளிவிளிம்பு வரை வெர்னியரில் அளங்கள். வித்தியாசத்தில் பாதிதான் விலகல். பின் சைட்டின் பள்ளத்துக்கும் அப்படியே, பிளாக்கின் இரு பக்கத்திலிருந்தும். குழல் முனையில் சுவரின் தடிமனை நான்கு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் மெல்லியதாக இருந்தால் துளை மையத்தில் இல்லை. அதைச் சரிசெய்ய முடியாது, சைட்டை நகர்த்தித்தான் ஈடுகட்ட வேண்டும். வளைவு பார்க்க, காக் ஆகாத அளவுக்குக் கொஞ்சமே மடக்கி, பிரீச் பக்கமிருந்து வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். உள்ளே தெரியும் வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று மையமாக இருக்க வேண்டும். யாராவது குழல் திறந்திருக்கும்போது டிரிகரை இழுத்திருந்தால் குழல் மேல்நோக்கி வளைந்திருக்கும்; அந்த ரைஃபிள் பின் சைட்டை முழுக்க இறக்கினாலும் உயரமாகவே சுடும். வளைந்த குழலை நிமிர்த்துவதை நல்ல துப்பாக்கி மெக்கானிக்கிடம் விடுங்கள்.

முன் சைட்டை நகர்த்தும் திசையில்தான் பலர் குழம்புகிறார்கள். பின் சைட் குண்டு போக வேண்டிய பக்கம் நகரும். முன் சைட் குண்டு விழுந்த பக்கமே நகரும். வலப்பக்கம் விழுந்தால் முன் சைட்டை வலப்பக்கம் தள்ளுங்கள். உயரத்துக்கும் இதே கணக்கு: முள்ளைத் தேய்த்துக் குட்டையாக்கினால் குண்டு மேலே ஏறும். தேய்த்ததை ஒட்ட முடியாது, அதனால் அது கடைசி வேலை.

குறுக்குப் பள்ளத்தில் செருகிய முன் சைட் என்றால் சுலபம். பழைய இடத்தைக் கூரிய பென்சிலால் கோடு போட்டு, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, குழலுக்கு அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுத்து, பித்தளைத் தண்டு வைத்துச் சின்னச் சின்னத் தட்டாகத் தட்டுங்கள். இரும்பால் தட்டினால் சைட் நசுங்கும். பள்ளம் லூஸாக இருந்தால் குளிர்பானக் கேனில் வெட்டிய தகடு இடைவெளியை அடைக்க நல்ல ஷிம். அது ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன்தான்.

குழல் மேல் வளையமாக மாட்டி அடியில் கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத ஸ்க்ரூ) இறுக்கிய வகைதான் ஆளைப் படுத்தும். ஸ்க்ரூவைத் தளர்த்தி, முள்ளை நிமிர்த்தி, மறுபடி இறுக்கும்போது கண் முன்னாலேயே அது பழைய கோணத்துக்குத் திரும்பும். காரணம், ஸ்க்ரூவின் கூர்முனை குழலில் ஏற்கனவே ஒரு குழி போட்டிருக்கிறது. இறுக்க இறுக்க அந்தக் குழிக்குள்ளேயே சரிந்து போகிறது. வளையத்தை 3 மி.மீ. முன்னோ பின்னோ தள்ளிப் புது இடத்தில் இறுக்குங்கள், அல்லது முனை தட்டையான கிரப் ஸ்க்ரூ போடுங்கள். நீளவாக்கில் செருகும் வகையில் முன் சைட்டைப் பக்கவாட்டில் நகர்த்த வழியில்லை. அங்கே பின் சைட்டின் அடித்தட்டில் உள்ள ஸ்க்ரூ துளையை வட்ட ஊசி அரத்தால் அரை மி.மீ. நீட்டி நகர்த்தலாம். பிரீச் பிளாக்கைத் துளைக்கப் போகாதீர்கள்.

முன் சைட்டில் பெரும்பகுதியைச் சரிசெய்து, தாளில் கடைசி ஒரு செ.மீ. விலகலை மட்டும் பின் சைட்டுக்கு விடுங்கள். குளோன்களில் பின் சைட் திருகில் ஆட்டம் அதிகம். எப்போதும் ஒரே திசையில் திருப்பி முடியுங்கள். தாண்டிப் போய்விட்டால் நன்றாகப் பின்னே வந்து மறுபடி அதே திசையில் வாருங்கள். திருப்பிய பிறகு சைட் இலையை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் இரண்டு தட்டுத் தட்டினால் அது உட்காரும், இல்லையென்றால் முதல் இரண்டு குண்டு பழைய இடத்திலேயே விழும். எல்லாம் ஒத்துவந்ததும் ஸ்க்ரூக்களில் நீல லாக்டைட் (ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு, முன் சைட்டும் குழலும் சேரும் இடத்தில் நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஐம்பது குண்டு சுட்ட பின் அந்தக் கோடு உடைந்திருந்தால் சைட் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது ஷிம்மை மாற்றுங்கள், பின் சைட்டைத் தொடாதீர்கள்.