பல சமயத்தவர் வேலை செய்யும் கந்தோரில் விருந்து: எல்லோருக்கும் மரக்கறிச் சாப்பாடு கொடுத்தால் போதுமா?

திருகோணமலையில் 40 பேர் உள்ள கந்தோர். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் இருக்கிறார்கள். வம்பே வேண்டாமென்று மரக்கறிச் சாப்பாடு ஒன்றையே கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்கலாம். ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு அதுவும் வம்பில்லாதது அல்ல.

மரக்கறி என்று மேசைக்கு வருவது பல நேரம் மரக்கறியே இல்லை. தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாடு இருக்கும். பிரைட் ரைஸுக்குள் சிக்கன் கியூபும் ஒயிஸ்டர் சோஸும் போயிருக்கும். மீன் கட்லட் பொரித்த எண்ணெயிலேயே வடையும் பொரிந்திருக்கும். சமைப்பவரிடம் "மரக்கறி" என்றால், மீன், இறைச்சித் துண்டு போடாவிட்டால் சரி என்று விளங்கிக்கொள்வார். மாசி, முட்டை, கியூப் கூடாது, எண்ணெய் புதிது என்று எழுதியே கொடுங்கள்.

முதலில் ஒரு தாளைச் சுற்றுக்கு விடுங்கள். "என்ன சமயம்?" என்று கேட்க வேண்டாம், "எதைச் சாப்பிடமாட்டீர்கள்?" போதும். மீன், இறைச்சி என்று மச்சமே தொடாத சிங்களவரும், செவ்வாய் வெள்ளி தவிர்த்து மற்ற நாளெல்லாம் நண்டு உடைக்கும் சைவரும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். பெயரைப் பார்த்துக் கணக்குப் போட்டால் பிழையாகிவிடும்.

நாள் குறிப்பதுதான் பெரிய வேலை. வெள்ளி வேண்டாம்: சைவர்களில் பலருக்கு மச்சம் ஆகாது, முஸ்லிம்கள் ஜும்மாவுக்குப் போய்விடுவார்கள். போயா எனும் பௌர்ணமி நாளும் வேண்டாம்: இறைச்சிக் கடை பூட்டு, சில் எனும் பௌத்த நோன்பு எடுத்தவர்கள் நண்பகலுக்குப் பிறகு உண்ணமாட்டார்கள். நோன்பு மாதம் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முன்னே நகரும், ஆகவே போன வருடக் கலண்டரை நம்பாதீர்கள். கந்தசஷ்டி ஆறு நாளையும் புரட்டாதிச் சனிகளையும் தவிர்த்தால் புதனோ வியாழனோ கிடைக்கும்.

கறியில் மீன்தான் அகலமான பாதை. அதற்கு அறுப்பு விதி இல்லை, தவக்கால வெள்ளியிலும் கத்தோலிக்கருக்கு ஆகும். சூரையைக் கொறுக்காய்ப்புளியும் மிளகும் பூசி நீர் வற்ற வைக்கும் சிங்களச் சமையலான அம்புல் தியலை முதல் நாளே செய்து வைக்கலாம், புளிப்பால் கெடாது. தெரிந்த சிங்கள நண்பரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுங்கள். கோழியை ஹலால் கடையில் வாங்குங்கள். பன்றி இல்லை என்பதால் மட்டும் ஹலால் ஆகாது, அறுக்கும் முறையும் உண்டு. பன்றிச் சட்டியில் சமைத்த கோழியும் சரிவராது. மாட்டிறைச்சி வேண்டாம், பௌத்தர்களிலும் பலர் தொடமாட்டார்கள்.

40 பேருக்கு அரிசி 5 கிலோ, பருப்பு ஒன்றரைக் கிலோ, கோழி 5 கிலோ, துண்டாக்கிய மீன் 3 கிலோ போதும். மரக்கறியை, மரக்கறி மட்டும் உண்பவரின் தலையை எண்ணி அளக்காதீர்கள். கத்தரிக்காய்ப் பால்கறியை எல்லோரும்தான் அள்ளுவார்கள். கடைசியில் வரும் மரக்கறிக்காரருக்கு வெறும் சோறுதான் மிஞ்சும். 40 பேருக்கும் அளந்து சமையுங்கள்.

இனிப்பில் கவனம்: வட்டிலப்பத்தில் முட்டை, ஜெலியில் ஜெலட்டின், ரிச் கேக்கில் பிராந்தி. சட்டித் தயிரும் கித்துள் பாணியும் என்றால் கேள்வியே இல்லை.

மரக்கறிக்குத் தனி மேசை, ஒவ்வொரு சட்டிக்கும் தனிக் கரண்டி, தமிழிலும் சிங்களத்திலும் பெயர்ச்சீட்டு. பத்துப் பேர் போனதும் மீன் கரண்டி பருப்புக்குள் நிற்கும். அதைப் பார்க்கவென்றே ஒருவரை அங்கே நிறுத்துங்கள்.