இறுக்க ஆள் தேடும் முன் தளர்த்த ஆள் தேடுங்கள்

அக்கா என்று உரிமையோடு கேட்டிருக்கிறீர்கள். ஊரில் எடைக்குறைப்பு அறுவை செய்து வயிற்றில் பேண்ட், அதாவது இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றிப் பிடிக்கும் வளையம், வைத்துக்கொண்டீர்கள். முதல் ஃபில் (ஊசியால் பேண்டுக்குள் சலைன் என்ற உப்பு நீரை ஏற்றி இறுக்குவது) போட்ட கையோடு வெளிநாட்டுக்கு வந்துவிட்டீர்கள். மிச்ச ஃபில்களை இங்கே யார் போடுவார்கள், வலிக்குமா, எத்தனை முறை போக வேண்டும், எடை எப்போது மளமளவென்று இறங்கும் என்பவை உங்கள் கேள்விகள். நானும் பேண்டோடு நாடு மாறி வந்தவள்தான். நான் டாக்டர் இல்லை. பட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். பேண்டை இறுக்குவதற்கு ஆள் தேடுகிறீர்கள். அதற்கு முன்னால், அவசரத்துக்குத் தளர்த்திவிட ஆள் கிடைப்பாரா என்று பாருங்கள். இறுக்கம் போதாமல் இருந்தால் கொஞ்சம் அதிகமாகப் பசிக்கும், எடை இறங்காது, அவ்வளவுதான். மாதக்கணக்கில்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இறுக்கம் மிஞ்சித் தண்ணீர்கூட உள்ளே இறங்காமல் போனால் ஒரு நாள்கூடத் தாங்காது.

புது நாட்டில் இது ஏன் சிக்கலாகிறது என்றால், பேண்டின் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. அமெரிக்காவில் லாப்-பேண்ட் என்ற பெயரில் வந்த பேண்டுக்கு 2001-இல் அனுமதி கிடைத்தது. அடுத்த சில வருடங்களுக்கு அதுதான் பேச்சாக இருந்தது. அப்புறம் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் அறுவை வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இன்றைக்கு இளம் சர்ஜன்களில் பலர் பேண்டை வைத்ததைவிட அகற்றியதுதான் அதிகமாக இருக்கும். அவசரப் பிரிவில் இருப்பவர்களுக்கோ போர்ட் (சலைன் ஏற்ற ஊசி குத்தும் சிறு குமிழ்) எங்கே இருக்கும் என்பதே தெரியாமல் இருக்கலாம்.

இன்னொரு தொல்லையும் உண்டு. "நாங்கள் வைக்காத பேண்டை நாங்கள் தொட மாட்டோம்" என்று ஒரு மருத்துவமனையில் என்னைத் திருப்பி அனுப்பினார்கள். அப்போது எரிச்சலாக இருந்தது. ஆனால் அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. உள்ளே எந்த வகைப் பேண்ட், எவ்வளவு சலைன் என்று தெரியாமல் ஊசி போட யாரும் தயங்கத்தான் செய்வார்கள். அதனால் ஊரில் அறுவை செய்த இடத்துக்கு இன்றே எழுதி, அறுவைக் குறிப்பு, பேண்டின் பெயர், அளவு, வரிசை எண், கடைசியாக எத்தனை மி.லி. இருந்தது என்ற விவரம் எல்லாவற்றையும் வாங்கிவிடுங்கள். பேண்ட் கூடவே தரும் சின்ன அட்டையைப் பர்ஸில் வையுங்கள், போனிலும் ஒரு படம் இருக்கட்டும். குறிப்பு நீங்கள் இருக்கும் நாட்டு மொழியில் இல்லையென்றால் மொழிபெயர்த்தே கொண்டுபோங்கள்.

பேண்டின் அளவைக் கேட்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. லாப்-பேண்டின் பழைய மாடல்கள் சில மொத்தமே 4 மி.லி. தான் கொள்ளும். பிறகு வந்த ஏபி வகையில் சிறியது 10, பெரியது 14. ஆகவே "எனக்கு 4 மி.லி. இருக்கிறது" என்று இன்னொருவர் சொல்வதை வைத்து உங்களுடையதைக் கணக்குப் போடாதீர்கள். ஒருவருக்கு அது முழு நிரப்பல், இன்னொருவருக்கு ஆரம்பம்.

இனி ஊசிக்கு வருவோம். பயப்பட ஒன்றும் இல்லை. படுக்கவைத்து, தலையையோ காலையோ லேசாகத் தூக்கச் சொல்வார்கள். வயிற்றுத் தசை விறைத்தால் தோலுக்கு அடியில் இருக்கும் போர்ட் கைக்குத் தட்டுப்படும். தோலைத் துடைத்துவிட்டு ஊசியை இறக்குவார்கள். ரத்தப் பரிசோதனைக்குக் குத்துவது போலத்தான், மரத்துப்போக மருந்துகூடப் பல இடங்களில் போடுவதில்லை. அதற்கென்றே ஹூபர் ஊசி என்று ஒன்று இருக்கிறது. சாதாரண ஊசி போர்ட்டின் சிலிக்கோன் மூடியைத் துளைத்துக் கெடுத்துவிடும், அப்புறம் சலைன் கசியும். புதிய இடமென்றால் அந்த ஊசி இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல டாக்டர் முதலில் உள்ளே இருப்பதை வெளியே இழுத்து அளந்து பார்ப்பார். குறிப்பில் 5 என்று இருந்து கையில் 3 வந்தால் எங்கோ கசிவு என்று அப்போதே தெரிந்துவிடும். போர்ட் புரண்டிருந்தாலோ கைக்குத் தட்டுப்படாவிட்டாலோ எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி போடுவார்கள். வெளியிலிருந்து வந்தவர்களுக்கு எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும் பேரியம் கரைசலைக் குடிக்கவைத்துப் படம் எடுத்த பிறகே தொடுவதும் பல இடங்களில் வழக்கம். அதை அலைக்கழிப்பாக நினைக்காதீர்கள், பேண்ட் நழுவியிருக்கிறதா என்று அதில் தெரியும்.

ஏற்றியதும் எழுந்து உட்காரவைத்துத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். அது சிரமமில்லாமல் இறங்குவதைப் பார்த்த பிறகே கிளம்புங்கள். வாயில் திரும்பி வந்தால் அங்கேயே கொஞ்சம் எடுத்துவிடச் சொல்லுங்கள், "வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும்" என்று இருக்காதீர்கள். ஓரிரு நாள் நீராகாரம், பிறகு மசித்தது, பிறகு திட உணவு என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். வீக்கத்தால் இறுக்கம் மறுநாள் கூடுவதும் உண்டு. காலையில் இறுக்கமாகவும் மாலையில் தளர்வாகவும் பலருக்கு இருக்கும்.

எத்தனை முறை என்பதற்கு ஒரே எண் கிடையாது. முதல் ஃபில் பெரும்பாலும் அறுவைக்குப் பின் 4 முதல் 6 வாரத்தில். அதன் பிறகு முதல் வருடத்தில் ஏறக்குறைய மாதம் ஒரு முறை, கொஞ்சம் கொஞ்சமாக. வாரம் அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ இறங்கினாலே நல்ல வேகம். மளமளவென்று இறங்கும் என்ற எதிர்பார்ப்பை விட்டுவிடுங்கள். அது உணவுப் பாதையையே மாற்றும் பைபாஸ் அறுவை செய்துகொண்டவர்கள் கதை.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். எடை நின்றுவிட்டால் உடனே "இன்னும் இறுக்குங்கள்" என்று கேட்கத் தோன்றும். சில சமயம் எடை நிற்பதற்குக் காரணமே அதிக இறுக்கம்தான். எப்படி என்றால், திட உணவு இறங்காது. மென்மையான ரொட்டி, உலர்ந்த இறைச்சி, நார்க்காய் எல்லாம் அடைத்துக்கொண்டு வலிக்கும், எச்சிலும் சளியுமாகத் திரும்பி வரும். ஆனால் ஐஸ்கிரீமும் சாக்லேட்டும் இனிப்புப் பானமும் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். மனிதர் இறங்குகிறதைத்தானே சாப்பிடுவார்? எடை ஏறும். டாக்டரிடம் போய் எடையை மட்டும் சொன்னால் அவர் இன்னும் ஏற்றிவிடுவார். ஆகவே எடையோடு கூடவே, திட உணவு இறங்குகிறதா, எத்தனை மணி நேரத்தில் மறுபடி பசிக்கிறது, இரவில் இருமலோ நெஞ்செரிச்சலோ வருகிறதா என்பதையும் சொல்லுங்கள். சிறிய அளவில் திட உணவை மென்று தின்று சில மணி நேரம் பசியில்லாமல் இருக்க முடிந்தால் இறுக்கம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். படுத்தவுடன் இருமல், நெஞ்சில் புளிப்பு, வாரத்தில் பல நாள் வாந்தி என்றால் சலைனைக் குறைக்க வேண்டிய நேரம். வாந்தி வாரக்கணக்கில் நீண்டால் பி1 வைட்டமின் குறைந்து நரம்பையே பாதிக்கும், அதையும் லேசாக விடக்கூடாது.

எச்சில்கூட விழுங்க முடியவில்லை, அல்லது வயிற்றில் கடுமையான, விடாத வலி என்றால் அப்பாயின்ட்மென்ட் எல்லாம் பார்க்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். பேண்ட் நழுவினால் இப்படி ஆகலாம். மொழி இன்னும் பழகவில்லை என்றால் "வயிற்றில் பேண்ட் இருக்கிறது, தண்ணீர் இறங்கவில்லை, அதிலிருக்கும் நீரை எடுக்க வேண்டும்" என்பதை அந்த நாட்டு மொழியில் எழுதி அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். போர்ட் பக்கம் சிவந்து சூடாக இருந்தாலும் காட்டிவிடுங்கள். இபுபுரூஃபன் மாதிரி வலி மாத்திரைகளைக் கேட்காமல் போடாதீர்கள், இரைப்பையில் புண் வரலாம்.

கர்ப்பமானாலோ வேறு பெரிய அறுவை வந்தாலோ சலைனைக் கொஞ்சம் வெளியே எடுப்பது உண்டு, பேண்ட் பார்ப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதல் சந்திப்பிலேயே அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: இரவிலோ விடுமுறை நாளிலோ அடைத்துக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது? பதில் மழுப்பலாக இருந்தால் இன்னொரு இடம் பாருங்கள், தூரமானாலும் பரவாயில்லை.

கடைசியில் விமானப் பயணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். சிலருக்கு விமானத்தில் பேண்ட் கொஞ்சம் இறுகியது போல இருக்கும், அதனால் அன்றைக்குத் திட உணவைக் குறைத்து, தண்ணீரை அடிக்கடி சிறு மிடறாகக் குடியுங்கள். ஊருக்குக் கிளம்பும் வாரத்தில் மட்டும் ஃபில் போட்டுக்கொள்ள வேண்டாம். திரும்பி வந்ததும் போட்டுக்கொள்ளலாம்.