சம்பளம் வாங்காத ஆளுங்களை வெச்சு மரக்கடைசல் கிளப் நடத்துறோம். தலைவர், செயலாளர், பொருளாளர்னு பதவியெல்லாம் தேவையா?

கேள்வி கேட்டவர் கீழ விளக்கமா எழுதியிருக்காரு, "பதவி போட்டா ஈகோ சண்டை வருது, போடலனா ஒரு வேலையும் நடக்கல"ன்னு. இதே எடத்துல நாங்களும் மாட்டி முழிச்சிருக்கோம், அதனால எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

நான் பெரம்பூர் பக்கம். ஹார்பர்ல ஒரு கிளியரிங் ஆபீஸ்ல வேலை. எங்க ஏரியால இருக்குற மரக்கடைசல் கிளப்ல அஞ்சு வருஷம் செக்ரெட்டரியா இருந்தேன், நல்லாவும் பண்ணேன், நாசமும் பண்ணேன், இப்ப சும்மா மெம்பர். தெரியாதவங்களுக்கு: லேத்துல கட்டையை மாட்டி சுத்த விட்டு உளிய புடிச்சு கிண்ணம், பம்பரம், பூரிக்கட்டை, கட்டில் கால்னு உருட்டி எடுக்குறதுதான் மரக்கடைசல்.

ஆரம்பிச்சதுக்குக் காரணமே வர்தா புயல்தான். 2016 டிசம்பர் 12. மறுநாள் காலைல தெருவுல இறங்கினா நடக்க எடம் இல்ல, தூங்குமூஞ்சி, குல்மொஹர், பூவரசுன்னு வேரோட படுத்துக் கிடக்குது. அதையெல்லாம் துண்டு துண்டா வெட்டி லாரில ஏத்திக்கினு இருந்தாங்க. எங்க தெருவுல ஒரு பெரியவர், ரயில்வே பேட்டர்ன் ஷாப்ல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், அதாவது இரும்பு வார்ப்புக்கு மரத்துல அச்சு கடையுற வேலை, அவரு லாரிக்காரர்கிட்ட கெஞ்சி நாலு துண்டு வாங்கி வீட்டு வராண்டால உருட்டி வெச்சாரு. "விறகுத் தொட்டிக்கு போற கட்டையாடா இது"ன்னு திட்டிக்கினே பழைய லேத்துல மாட்டி ஒரு கிண்ணம் கடைஞ்சு காட்டினாரு பாருங்க, அன்னிக்கு விழுந்தவங்கதான் நாங்க ஆறு பேரு.

மொத வருஷம் பதவியே கெடையாது. எங்க ஏரியால தெருவுக்கு ஒரு கேரம் கிளப் இருக்கு, அதுக்கெல்லாம் யாரு தலைவரு? போர்டு வெச்சிருக்கறவரும் பவுடர் வாங்கியாறவரும்தான். நாங்களும் அப்படியே ஓட்டிடலாம்னு நெனச்சோம். ஆனா கேரம்ல ஸ்ட்ரைக்கர் எகிறினா அடுத்தவன் சிரிப்பான், லேத்துல கட்டை எகிறினா மண்டை போகும். கரண்ட் பில்லு இருக்கு, ஷெட்டு வாடகை இருக்கு, பொது உளி இருக்கு, இதுல எது கெட்டாலும் யாரைக் கேக்குறதுன்னு தெரியல. ஆறு பேரு இருக்குற வரைக்கும் டீக்கடைல பேசித் தீத்துக்கலாம், பதினஞ்சு பேரு ஆனதும் முடியல.

சரின்னு பதவி போட்டோம். அங்கதான் மொத தப்பு. நல்லா கடையுறவரையே தலைவர் ஆக்கிட்டோம், அதாவது அந்தப் பெரியவரை. மரியாதை குடுக்குறதா நெனச்சோம். அவருக்கு லேத் முன்னாடி நாலு மணி நேரம் நிக்கச் சொன்னா நிப்பாரு, மீட்டிங்ல பத்து நிமிஷம் உக்கார மாட்டாரு. "இன்னா நைனா, மெஷின் சும்மா கெடக்குது, நீ கூட்டம் போட்டுக்கினு கீற"ன்னு எழுந்து போயிடுவாரு. வாடகை ஏத்துறாங்கன்னு ஷெட் ஓனரு வந்தப்போ அவர்கிட்டயே சண்டை போட்டுட்டாரு. ஒரு வருஷம் கழிச்சு நாங்களே போயி, தலைவர் பதவிய எடுத்துக்குறோம் தாத்தா, நீங்க வாத்தியாரா மட்டும் இருங்கன்னு சொன்னோம், கோச்சுக்குவாருன்னு பயந்தோம், மனுசன் "இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்ல"ன்னாரு. இப்ப தலைவரா இருக்கறவரு சுமாராத்தான் கடைவாரு. ஆனா ரெண்டு பேரு மொறைச்சுக்கினா தனித்தனியா கூப்பிட்டு டீ வாங்கிக் குடுத்துப் பேசுவாரு, ஓனர்கிட்ட சிரிச்சுக்கினே வாடகைய கொறைப்பாரு. தலைவருக்கு வேணும்னா அதான்.

பொருளாளர் கதை வேற. பேங்க்ல அக்கவுன்ட் தொறக்கணும்னா பதிவு பண்ணுங்கன்னாங்க. 1975ம் வருஷத்து தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி கொறஞ்சது ஏழு பேரு வேணும், நிர்வாகக் குழுல மூணு பேருக்குக் கொறையக் கூடாது. கடைசி நேரத்துல கையெழுத்து போடுறேன்னு சொன்ன நம்மாளுங்க சாக்கு சொல்லி கழண்டுக்கினாங்க, திரும்பவும் ஆறு பேரு. எங்க மெம்பர் ஒருத்தரோட வீட்டம்மா, எனக்கு அக்கா முறை மாதிரி, "சும்மா ஒரு கையெழுத்துக்கா"ன்னு கூட்டிக்கினு போனோம். அவங்கதான் பொருளாளர் ஆனாங்க. வீட்டாண்ட பத்து வருஷமா தீபாவளி சீட்டு புடிச்ச கை, ஒரு ரூபா தப்பாது.

அவங்க வர்றதுக்கு முன்னாடி சந்தா காசு பூரா என்னோட ஜிபேக்கு வந்துக்கினு இருந்துச்சு. என் காசும் கிளப் காசும் ஒண்ணாக் கலந்து போயி, ஒரு தடவை கணக்குப் பாத்தா நாலாயிரம் இடிக்குது. நான் எடுக்கல, சத்தியமா எடுக்கல, ஆனா எடுக்கலன்னு காட்டவும் வழியில்ல. ஒரு மாசம் எவனும் என் மூஞ்சியப் பாத்துப் பேசல. பொது காசை சொந்த நம்பருக்கு வாங்காதீங்க, ஒரு நாளைக்குக் கூட வாங்காதீங்க. அக்கா வந்ததும் கிளப் பேருல அக்கவுன்ட், ரெண்டு கையெழுத்து இல்லாம காசு எடுக்க முடியாது, டீக்கு அம்பது ரூபான்னாலும் சீட்டு, மாசக் கடைசில கணக்கு நோட்டை போட்டோ எடுத்து குரூப்ல போட்டுடுவாங்க. சண்டைல பாதி அன்னியோட போச்சு.

நடுவுல ஒண்ணு சொல்லிடுறேன். அமெரிக்காவுல இதுக்குன்னே ஒரு பெரிய சங்கம் இருக்கு, அமெரிக்கன் அசோசியேஷன் ஆஃப் வுட்டர்னர்ஸ், 1986ல ஆரம்பிச்சது. ஊருக்கு ஊரு கிளைக் கிளப் இருக்கு, எல்லாம் பெரும்பாலும் வாலன்டியருங்க ஓட்டுறதுதான். மாசக் கூட்டத்துல அவங்கவங்க செஞ்சதை மேசைல வெச்சு காட்டுறது, புதுசா வர்றவருக்கு ஒரு பழைய ஆளைத் துணைக்குப் போடுறது, இதெல்லாம் அங்க வழக்கம், நாங்க அப்படியே எடுத்துக்கினோம். இன்னொண்ணும் உண்டு, ஆளுக்கு ஒரு கட்டை கொண்டாந்து சீட்டு வித்து குலுக்கல் போட்டு கிளப்புக்கு காசு சேக்குறது. சூப்பர் ஐடியான்னு நான் குதிச்சேன். அக்கா ஒரே கேள்விதான் கேட்டாங்க, "தமிழ்நாட்டுல லாட்டரிய 2003லயே தடை பண்ணியாச்சு, தெரியுமா தம்பி?" பத்து ரூபா சீட்டு லாட்டரில வருமா வராதான்னு வக்கீல் வெச்சு வாதாட நம்மகிட்ட தெம்பு இல்ல. பேசாம ஏலம் விட்டோம். ஏலம்னா எங்காளுங்களுக்குச் சொல்லித்தரணுமா, காசிமேட்டுல மீன் ஏலம் பாத்து வளந்தவங்க, ஒரு வேப்பங்கட்டைய நானூறு ரூபா வரைக்கும் ஏத்தி விட்டுட்டுத்தான் ஓய்வாங்க.

சட்டத்துல இல்லாத பதவிங்கதான் எங்க கிளப்பை நிஜமா தூக்கி நிறுத்துறது. மொத பதவி சாணை. பொது உளி மழுங்கிடுச்சுன்னா யாரும் சாணை புடிக்க மாட்டாங்க, அடுத்தவன் புடிப்பான்னு வெச்சிட்டுப் போயிடுவாங்க. மழுங்குன உளிய அழுத்தித்தான் புடிக்கணும், அழுத்துனா கட்டை கடிச்சு இழுக்கும், புதுசா வந்தவன் பயந்து அடுத்த வாரம் வர மாட்டான். எங்க கிளப்ல பாதி பேரு நின்னு போனதுக்கு வாத்தியார் கோவமும் காரணமில்ல, சந்தாவும் காரணமில்ல, மழுங்குன உளிதான். இப்ப சாணைப் பொறுப்புன்னு ரெண்டு பேரு, சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் அவங்களுக்கு அதே வேலை. அவங்களுக்கு சந்தா கெடையாது, இதை எதிர்த்துக் கூட ரெண்டு பேரு பேசினாங்க, அப்ப நீ புடின்னதும் கம்முனு ஆயிட்டாங்க.

ரெண்டாவது சேஃப்டி. இதைக் கத்துக்கிட்டது ஒரு டியூப்லைட்டு செலவுல. ஒருத்தன் பேனா கடைஞ்சு முடிச்சிட்டு லேத் ஸ்பீடைக் கொறைக்காம போயிட்டான். அடுத்து வந்த எங்க துணைத் தலைவர் பத்து இஞ்ச் கட்டைய மாட்டி, ஸ்பீடு பாக்காம சுவிட்சைப் போட்டாரு. கட்டைல ஏற்கெனவே விரிசல். டமார்னு பாதி கட்டை மேல போயி டியூப்லைட்டை ஒடைச்சிட்டு செவுத்துல அடிச்சு விழுந்துச்சு. நல்ல வேளை மனுசன் கட்டைக்கு நேரா நிக்காம தள்ளி நின்னாரு, ஃபேஸ் ஷீல்டும் போட்டிருந்தாரு. கடையுறவங்க சொல்ற கணக்கு ஒண்ணு இருக்கு: கட்டையோட விட்டம் எத்தனை இஞ்ச்சோ அதை ஸ்பீடால பெருக்கினா 6000க்கும் 9000க்கும் நடுவுல வரணும், அதாவது பத்து இஞ்ச்சுன்னா நிமிஷத்துக்கு 600லேந்து 900 சுத்து (ஆர்பிஎம்), கட்டை கோணலா இருந்தா இன்னும் கம்மில ஆரம்பிக்கணும். அன்னிக்கு 2500ல இருந்துச்சு.

அதுக்கப்புறம் சேஃப்டிக்குன்னு ஒருத்தரைப் போட்டோம், காலேஜ் படிக்கிற பொண்ணு, கிளப்லயே சின்ன ஆளு. வேணும்னேதான் அவளைப் போட்டோம். மூத்தவரைப் போட்டா தன் சிநேகிதனைத் தட்டிக் கேக்க மாட்டாரு. அவ கையைத் தூக்கினா மெஷினை நிறுத்தணும், தலைவரா இருந்தாலும் நிறுத்தணும், காரணம் அப்புறம் பேசிக்கலாம். கைல கோயில் கயிறு, கழுத்துல ஆபீஸ் ஐடி கார்டு, தொளதொள கை வெச்ச சட்டை, எதுவும் ஆகாது. கிண்ணம் கடையுறப்போ ரஃபிங் கௌஜ்ன்ற அகல உளிய எடுத்தா புடுங்கி வெச்சிடுவா, ஏன்னா அது தூண் மாதிரி நீளவாக்குல கடையத்தான், கிண்ணத்துல வெச்சா உளியோட அடிப்பக்கம், கைப்பிடிக்குள்ள போற எடம், ஒடைஞ்சு தெறிக்கும். ஆளிவிதை எண்ணெய் தொடைச்ச துணிய சுருட்டிப் போட்டா தானா சூடாகி தீ புடிக்கும்னு எனக்கே அவதான் சொன்னா, நான் அஞ்சு வருஷமா சுருட்டி சுருட்டி மரத்தூள் மூட்டை மேல போட்டுக்கினு இருந்தேன்.

இப்ப என் நாசத்துக்கு வர்றேன். ஷெட்டு சாவி என்கிட்ட, வாட்ஸப் அட்மின் நான், ஈபி கார்டு என் வீட்டுல, ஓனர் நம்பர் என் போன்ல, யாரு சந்தா பாக்கின்றது என் மண்டைல. நான் இல்லாம ஒண்ணும் நடக்காதுன்னு வெளிய அலுத்துக்கினு உள்ளுக்குள்ள பெருமையா சுத்திக்கினு இருந்தேன். 2022ல டெங்கு வந்து மூணு வாரம் படுத்துட்டேன். மூணு வாரமும் கிளப் பூட்டித்தான் கெடந்துச்சு. ஒருத்தரும் சாவி கேட்டு வீட்டுக்கு வரல, உடம்பு சரியில்லாதவனைத் தொந்தரவு பண்ணக்கூடாதாம். திரும்பிப் போயி பாத்தா காய வெச்சிருந்த ஈரக் கிண்ணமெல்லாம் பூஞ்சை புடிச்சுக் கெடக்கு. ஈரக் கட்டைல மொதல்ல விட்டத்துல பத்துல ஒரு பங்கு கனம் விட்டு கடைஞ்சு, மெழுகு பூசி மாசக்கணக்குல காய விட்டு, அப்புறம்தான் ரெண்டாவது தடவை கடையணும், நம்ம ஊரு புழுக்கத்துல அப்பப்ப எடுத்துத் தொடைச்சு காத்தாட வைக்கணும். இருபது கிண்ணம் போச்சு.

அப்ப போட்ட ரூலுங்கதான் இன்னிக்கும் ஓடுது. எந்தப் பொறுப்பா இருந்தாலும் ரெண்டாவது ஆள் ஒருத்தர் உண்டு, சாவி மூணு. சட்டத்துல நிர்வாகக் குழுவுக்கு மூணு வருஷம் வரைக்கும் எடம் இருக்கு, நாங்க ரெண்டு வருஷம்னு வெச்சோம், ஒருத்தர் ஒரு பதவில ரெண்டு தடவைதான். எல்லாரும் ஒரே நேரத்துல எறங்கக் கூடாது, பாதி பாதியா மாறணும். பதவி முடிஞ்சவரு அடுத்த ஆறு மாசம் மீட்டிங்ல "நாங்க இருந்தப்போ"ன்னு ஆரம்பிக்கக் கூடாது, இது எனக்காகவே போட்ட ரூல், எழுத்துல இல்ல, ஆனா நான் வாயத் தொறந்தாலே எல்லாரும் சிரிச்சிடுவாங்க.

மிச்சாங் புயல் 2023 டிசம்பர்ல வந்தப்போ ஷெட்டுல முட்டிக்கு மேல தண்ணி. கிண்ணமெல்லாம் மெதந்து வெளிய ரோட்டுக்கே போயிடுச்சு, பக்கத்துத் தெரு பசங்க புடிச்சிக் குடுத்தாங்க. மோட்டாரைக் கழட்டி மேல வெக்கணும்னு அத்தனை பேருக்கும் தெரியும், யாரு வெக்கணும்னுதான் ஒருத்தருக்கும் தெரியல. இப்ப தண்ணிப் பொறுப்புன்னே ஒரு பதவி இருக்கு, அக்டோபர்லேந்து டிசம்பர் வரைக்கும் மட்டும். வானிலை ஆரஞ்சு அலர்ட் வந்தா மோட்டார் பரண் மேல போயிடணும், அவ்வளவுதான் வேலை.

நீங்க கேட்ட ஈகோ சண்டைக்கு என் அனுபவத்துல இதான்: கூட்டத்துல நின்னு "யாராச்சும் முன்ன வாங்க"ன்னு கேக்காதீங்க, ஒண்ணு எல்லாரும் தரையைப் பாப்பாங்க, இல்ல மாலை ஆசை இருக்கற ஒருத்தர் எழுந்து வருவாரு. தனியாப் போயி, "மூணு மாசத்துக்கு ஞாயித்துக்கிழமை ஷெட்டை மட்டும் தொறந்து விடுறீங்களா"ன்னு கேளுங்க. வேலை இன்னான்னும் தெரியணும், என்னிக்கு முடியும்னும் தெரியணும். முடியாதுன்னு சொன்னவங்க எனக்குத் தெரிஞ்சு ரெண்டே பேரு. தலைவர், செயலாளர், பொருளாளர் மூணும் பதிவாளருக்கும் பேங்குக்கும் வேணும், போடுங்க, அதுக்கு மேல துணை, இணை, கௌரவம்னு பூந்தி மாதிரி தூவாதீங்க. பி அண்ட் சி துணி மில்லு ஆளுங்களை வெச்சு 1918லயே யூனியன் கட்டின ஏரியா இது, சங்கம் நடத்த நமக்கு யாரும் சொல்லித்தர வேணாம், மாலைய மட்டும் கொஞ்சம் கொறைச்சுக்கணும்.

அக்காவோட ரெண்டாவது தடவை வர்ற ஜூனோட முடியுது. மூணு மாசமா நோட்டை ரெண்டாவது ஆள்தான் எழுதுறாரு, அக்கா பக்கத்துல உக்காந்து செவப்புப் பேனால திருத்துறாங்க. ஒத்தக் கையெழுத்துக்கு வந்தவங்க இத்தனை வருஷத்துல லேத்தைத் தொட்டதே இல்ல, இப்ப ஞாயித்துக்கிழமை வாத்தியார்கிட்ட பம்பரம் கடையக் கத்துக்குறாங்க. போன வாரம் ரெண்டு கட்டை வீணாப் போச்சு. கட்டைக்கு எம்பது ரூபா கட்டி, ரசீதும் போட வெச்சு வாங்கிக்கினுதான் வீட்டுக்குப் போனாங்க.