தள்ளிவிட்டால் சார்ஜ் மிஞ்சுமா? – வாசகர் கேள்வி பதில்

இம்முறை பற்றரி பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறோம். 'செட்டிங்ஸ்' பெயர்களைப் போனில் ஆங்கிலத்தில் காணும்படியே தமிழ் எழுத்தில் தந்துள்ளோம். மாடலுக்கு மாடல் ஒரு சொல் முன்பின்னாக இருக்கலாம்.

வாசகி, வெள்ளவத்தை: *திறந்து கிடக்கும் செயலிகள் எல்லாவற்றையும் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மேலே தள்ளி மூடிவிடுவேன். கிளீனர் செயலி ஒன்றும் போட்டிருக்கிறேன். அப்படியும் பின்னேரம் 4 மணிக்கு 15 சதவீதம்தான் மிச்சம். இன்னும் என்ன செய்ய வேண்டும்?*

இன்னும் ஒன்றும் செய்ய வேண்டாம். செய்கிறதைக் குறையுங்கள். நீங்கள் மேலே தள்ளுகிற அட்டைகள், கடைசியாக எதையெல்லாம் திறந்தீர்கள் என்பதைக் காட்டும் வரிசை. அவை எல்லாம் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தமில்லை. அவற்றில் பெரும்பாலானவை நினைவகத்தில் அசையாமல் கிடக்கும். சில அதிலிருந்தும் எப்போதோ போயிருக்கும். நினைவகம் நிறைந்திருந்தாலும் வெறுமையாக இருந்தாலும் அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் தள்ளி மூடிய செயலியைப் பத்து நிமிடம் கழித்து மறுபடி திறந்தால், போன் அதை அடியிலிருந்து ஏற்ற வேண்டும். செலவு அங்கேதான்.

கிளீனர் செயலி இதைவிட மோசம். அது ஓயாமல் விழித்திருக்கிறது, விளம்பரம் இறக்குகிறது, மற்றச் செயலிகளை நிறுத்துகிறது. நிறுத்தப்பட்டவற்றில் பல உடனே தாமாக எழும்பும். அது மறுபடி நிறுத்தும். முதல் வேலையாக அதை அழித்துவிடுங்கள். செயலிகளை உறங்க வைக்கும் வேலையை அன்ட்ரொய்ட் தானே செய்கிறது. 2015இல் வந்த அன்ட்ரொய்ட் 6இல் 'டோஸ்' என்ற ஏற்பாடு சேர்ந்தது. போனைத் தொடாமல் வைத்தால், செயலிகளின் வேலைகளை அது சேர்த்து வைத்து, இடையிடையே சிறிது நேரம் மட்டும் விழித்து முடிக்கும். 2018இல் வந்த அன்ட்ரொய்ட் 9, நீங்கள் எதை எத்தனை தரம் திறக்கிறீர்கள் என்று பார்த்துச் செயலிகளைத் தரம் பிரிக்கிறது. அரிதாகத் திறப்பதற்கு அரிதாகவே இடம். ஐபோனும் இப்படித்தான். ஒரு செயலி சிக்கி நின்றால் மட்டும் அதைத் தள்ளி மூடும்படிதான் அப்பிள் நிறுவனமே சொல்கிறது. வழிகாட்டிக்கொண்டிருக்கும் வரைபடம், மூலையில் சிறு பெட்டியாக ஓடும் வீடியோ இவற்றை வேலை முடிந்ததும் மூடுவது சரி. மற்றவற்றை விட்டுவிடுங்கள்.

அப்படியானால் சார்ஜ் எங்கே போகிறது? அதை ஒரு இரவில் அளக்கலாம். படுக்கும்போது சதவீதத்தைக் குறித்துவிட்டு, சார்ஜரில் போடாமல் 8 மணித்தியாலம் விடுங்கள். 5000 மில்லி அம்பியர் மணி பற்றரி உள்ள போனில் 3 முதல் 6 சதவீதம் குறைந்தால் பின்னணியில் பெரிய பிழை இல்லை. பகலில் திரைதான் தின்கிறது. 10க்கு மேல் குறைந்தால் அடுத்த இரவு ஏரோபிளேன் மோடில் போட்டு இதையே செய்யுங்கள். இழப்பு 1, 2 சதவீதமாக இறங்கினால், சிக்னலோ இணையத்தோடு ஓயாமல் பேசும் ஏதோ ஒரு செயலியோதான் காரணம். இறங்காவிட்டால் ஏதோ ஒன்று போனை உறங்க விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. 'பற்றரி யூசேஜ்' பக்கத்தைத் திறந்து, சதவீதத்தை மட்டும் பார்க்காமல் ஒவ்வொரு பெயரையும் தொட்டு, திரையில் இருந்த நேரத்தையும் பின்னணியில் இருந்த நேரத்தையும் ஒப்பிடுங்கள். திரையில் 2 மணித்தியாலம் ஓடிய யூடியூப் 20 சதவீதம் எடுத்தால் அது நியாயமான செலவு. திரையில் 3 நிமிடம், பின்னணியில் 5 மணித்தியாலம் என்று ஒரு ஷொப்பிங் செயலி காட்டினால், அதுதான் ஆள். அதற்கு மட்டும் 'ரெஸ்ட்ரிக்டெட்' கொடுங்கள்.

வாசகி, கொட்டாஞ்சேனை: *தம்பி, மகன் கனடாவிலிருந்து வட்ஸ்அப்பில் எடுத்தால் போன் அடிக்குதில்லை. நான் போனைத் திறந்த பிறகுதான் 'மிஸ்ட் கோல்' எல்லாம் ஒன்றாக வந்து விழுகுது. பிள்ளை பயந்துபோய்ப் பக்கத்து வீட்டுக்கு எடுக்குது. போன் பழுதோ?*

அம்மா, போன் பழுதில்லை. சார்ஜை மிச்சம்பிடிக்கிறேன் என்று அது வட்ஸ்அப்பை ஆழ்ந்து உறங்க வைத்துவிட்டது. தூரத்துப் பிள்ளைகளின் அழைப்புக்காகக் காத்திருக்கிற வீடுகளில் இந்தத் தொல்லை அதிகம். கீழே உள்ளதை வீட்டில் இளையவர் யாரிடமாவது கொடுத்துச் செய்விக்கலாம்.

சம்சுங் என்றால்: செட்டிங்ஸ், பற்றரி, 'பேக்ரவுண்ட் யூசேஜ் லிமிட்ஸ்'. அங்கே 'ஸ்லீப்பிங் அப்ஸ்', 'டீப் ஸ்லீப்பிங் அப்ஸ்' என்ற இரண்டு பட்டியல்கள் இருக்கும். இரண்டில் எதிலாவது வட்ஸ்அப் இருந்தால் எடுத்துவிட்டு, 'நெவர் ஸ்லீப்பிங்' பட்டியலில் சேர்க்க வேண்டும். 'டீப் ஸ்லீப்' பட்டியலில் விழுந்த செயலி நீங்கள் திறந்தால் ஒழிய ஓடாது.

ரெட்மி, போகோ என்றால்: செட்டிங்ஸ், அப்ஸ், வட்ஸ்அப் பக்கம். 'ஓட்டோஸ்டார்ட்' திறந்திருக்க வேண்டும். அதே பக்கத்தில் 'பற்றரி சேவர்' என்பதில் 'நோ ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' தெரிவு செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் போனை அணைத்துப் போட்டதும் பழைய நிலைமை வந்துவிடும். ஒப்போ, ரியல்மி போன்களில் செயலியின் 'பற்றரி யூசேஜ்' பக்கத்தில் 'அலவ் பேக்ரவுண்ட் அக்டிவிட்டி', 'அலவ் ஓட்டோ லோஞ்ச்' இரண்டையும் திறவுங்கள். மற்ற அன்ட்ரொய்ட் போன்களில் செயலியின் பற்றரிப் பக்கத்தில் 'அன்ரெஸ்ட்ரிக்டெட்' போதும்.

இவ்வளவு செய்தும் அடிக்காவிட்டால் டேட்டாவைப் பாருங்கள். 'டேட்டா சேவர்' போட்டிருந்தால் பின்னணியில் இணையம் நிற்கும். அதற்குள் 'அன்ரெஸ்ட்ரிக்டெட் டேட்டா' பட்டியலில் வட்ஸ்அப்பைச் சேர்க்கலாம். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. உறங்கும் அன்ட்ரொய்ட் போனை எழுப்பும் சமிக்ஞை கூகுளின் பொது இணைப்பு வழியாக வருகிறது. எல்லாச் செயலிகளுக்கும் சேர்த்து அந்த ஒரே இணைப்புத்தான். உங்களிடம் சமூக ஊடகப் பொதி மட்டும் மிஞ்சி, பொது டேட்டா தீர்ந்திருந்தால் அந்தச் சமிக்ஞைக்கு வழி இல்லாமல் போகலாம். திறந்தால் மட்டும் செய்திகள் வந்து விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். சிறியதொரு பொது டேட்டாப் பொதியை எப்போதும் வைத்திருங்கள். வட்ஸ்அப்பை விழித்திருக்க விட்டால் சார்ஜ் ஓடிவிடுமோ என்று பயப்பட வேண்டாம், அம்மா. அழைப்பு வராத நேரத்தில் அது எடுப்பது மிகக் கொஞ்சம்.

வாசகர், கிராண்ட்பாஸ்: *தொழுகை நேரச் செயலியில் விடியற்காலை சுபஹுக்கு மட்டும் அதான் (தொழுகை அழைப்பு) ஒலிப்பதில்லை; லுஹர், அஸர் சரியாக ஒலிக்கிறது. ஏன்?*

பகலில் போன் கையில் இருப்பதால் செயலியும் விழித்திருக்கிறது. சுபஹுக்கு முன்னரோ போன் பல மணித்தியாலம் அசையாமல் கிடந்து ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய்விடுகிறது. அன்ட்ரொய்ட் 12 முதல், குறித்த நிமிடத்தில் எழும்ப விரும்பும் செயலிக்குத் தனி அனுமதி உண்டு. செட்டிங்ஸ், அப்ஸ், 'ஸ்பெஷல் அப் அக்சஸ்', 'அலாம்ஸ் அன்ட் ரிமைன்டர்ஸ்' என்று போய் அந்தச் செயலிக்குத் திறந்துவிடுங்கள். பிறகு மேலே கொட்டாஞ்சேனை அம்மாவுக்குச் சொன்னபடி, செயலியை உறங்க வைக்காத பற்றரி விலக்கையும் கொடுங்கள். 'போர்ஸ் ஸ்டொப்' மட்டும் கொடுக்காதீர்கள். அது போட்டு வைத்த அலாரங்களை அழித்துவிடும். நீங்கள் கையால் திறக்கும்வரை ஒன்றும் ஒலிக்காது. சில போன்களில் அட்டையை மேலே தள்ளுவதே 'போர்ஸ் ஸ்டொப்' மாதிரி வேலை செய்யும். படுக்கப்போகும் முன் எல்லாவற்றையும் தள்ளிவிடும் பழக்கம் இருந்தால் அதை விடுங்கள்.

வாசகர், தெமட்டகொடை: *ஐயா, நான் முச்சக்கர வண்டி ஓட்டுகிறேன். ஹயர் எடுக்கும் செயலி, வரைபடம் இரண்டும் காலையிலிருந்து இரவுவரை ஓடும். வண்டியிலேயே சார்ஜில் போட்டிருந்தும் பகல் 1 மணிக்குச் சதவீதம் ஏறாமல் இறங்குகிறது. போன் கொதிக்கிறது. பற்றரி மாற்றி ஏழு மாதம்தான்.*

உங்கள் போனுக்கு ஒரே நேரத்தில் நாலு சுமை: எந்நேரமும் எரியும் திரை, ஓயாத ஜிபிஎஸ், டேட்டா, சார்ஜ் ஏறும் சூடு. இதற்கு மேல் முன்கண்ணாடியில் விழும் கொழும்பு வெயில். பற்றரி சீக்கிரம் சாவதற்கு முதற்காரணம் வெப்பம்தான்; செயலிகள் அதற்கு அடுத்தபடிதான். ஐபோனைப் பயன்படுத்தும் இடத்தின் வெப்பநிலை 35 பாகைக்கு மேல் போகக்கூடாது என்கிறது அப்பிள். நேர்வெயில் படும் கண்ணாடிக்குப் பின்னால் இந்த அளவு மிக எளிதில் தாண்டும். சூடு கூடினால் போன் தன்னைக் காப்பாற்ற சார்ஜ் ஏறுவதைக் குறைக்கும், அல்லது நிறுத்தும். 1 மணிக்கு நீங்கள் காண்பது இதுதான்.

முதலில் ஹோல்டரைக் கண்ணாடியிலிருந்து இறக்கி, ஹான்டிலுக்குக் கீழே நிழலும் காற்றும் படுகிற இடத்தில் பூட்டுங்கள். றப்பர் கவரைக் கழற்றுங்கள். நிழலில் இருந்தால் திரை வெளிச்சத்தைப் பாதியாக இறக்கினாலும் தெரியும். திரையின் சூடும் அதோடு குறையும். அடுத்தது சார்ஜர். 5 வோல்ட் 1 அம்பியர் சார்ஜர் தருவது 5 வாட். உங்கள் வேலையில் அதில் பெரும்பகுதி போன் ஓடுவதற்கே போய்விடும். வண்டியின் 12 வோல்ட்டில் பூட்டும் 2 அம்பியர் சார்ஜரும், ஒரு மீற்றருக்கு மேல் நீளாத தடித்த கேபிளும் எடுங்கள். கேபிள் மெல்லியதென்றால் சார்ஜர் எவ்வளவு நல்லதாக இருந்தும் பிரயோசனமில்லை. வெயிலில் 'பாஸ்ட் சார்ஜ்' வேண்டாம், சூடு கூடும். செட்டிங்ஸில் அதை நிறுத்தலாம். சூடு கூடும்.

தெரிந்த பாதைக்கு வரைபடத்தை ஓடவிடாதீர்கள். ஹயர் செயலியை மட்டும் பற்றரி விலக்கில் வையுங்கள், அது உங்கள் சோறு. இருப்பிட அனுமதியில் மற்ற எல்லாவற்றுக்கும் 'வைல் யூசிங் த அப்' போதும். முகநூலுக்கும் விளையாட்டுகளுக்கும் அதுவும் தேவையில்லை. நூறுவரை ஏற்றி வெயிலில் வைப்பதும் பற்றரியைக் கெடுக்கும். 'பற்றரி புரொடெக்ஷன்' இருந்தால் 80இல் நிறுத்துங்கள். ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: போனை மேசையில் மல்லாத்தி வைத்தால் ஆடுகிறதா, பின்மூடி ஓரத்தில் விலகி நிற்கிறதா? ஆம் என்றால் பற்றரி உள்ளே வாயு சேர்ந்து வீங்கிவிட்டது. அதன் பிறகு சார்ஜில் போடாதீர்கள், அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், குத்தாதீர்கள். தீப்பிடிக்கும். அணைத்து, எரியும் பொருள் இல்லாத இடத்தில் வைத்து, திருத்துபவரிடம் கொடுங்கள்.

வாசகர், மட்டக்குளி: *கோட்டையில் ஒரு கட்டடத்தின் நிலக்கீழ்த் தளத்தில் வேலை. போனைத் தொடாமலே பகலுக்குள் பாதி போய்விடுகிறது. இரண்டு சிம் போட்டிருக்கிறேன்.*

இதற்குச் செயலிகளைத் தேட வேண்டாம். சிக்னல் மெலிய மெலிய போன் கோபுரத்துக்குக் கேட்கும்படி உரத்துப் பேச வேண்டும். 4ஜியில் அதன் உச்ச வலு சுமார் 0.2 வாட், அதை வெளிவிட போன் பற்றரியிலிருந்து இழுப்பது அதைவிடப் பல மடங்கு. சிக்னலே இல்லாவிட்டால் தேடிக்கொண்டே இருக்கும், இரண்டு சிம்மும் தேடும். 'அபௌட் போன்' பகுதியில் 'சிம் ஸ்டேட்டஸ்' பாருங்கள். அங்கே சிக்னல் வலு டி.பி.எம். என்ற அலகில் இருக்கும். மைனஸ் 90 அளவு என்றால் நல்லது. மைனஸ் 110க்குக் கீழே போனால் மெலிவு. வேலையிடத்தில் எந்தச் சிம் மோசமோ அதை 'சிம் மனேஜர்' பகுதியில் அணைத்து, வெளியே வந்ததும் போடுங்கள். அங்கே வைஃபை இருந்தால் இணைத்துவிடுங்கள்; மொபைல் டேட்டாவைவிட மிகக் குறைந்த செலவு. உங்கள் சிம் நிறுவனம் 'வைஃபை கோலிங்' தந்தால் அழைப்பும் அதன் வழியே வரும்.

வாசகி, தெஹிவளை: *திரையைக் கறுப்பாக்கினால் சார்ஜ் மிஞ்சும் என்பது உண்மையா?*

ஓஎல்ஈடி திரை என்றால் உண்மை, எல்சிடி என்றால் இல்லை. ஓஎல்ஈடியில் கறுப்புப் புள்ளி ஒளிராது. எல்சிடியில் பின்விளக்கு எப்போதும் எரியும். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட ஆய்வில், வெளிச்சம் 30–50 சதவீதத்தில் இருந்தபோது மிச்சம் 3 முதல் 9 சதவீதம்தான். வெளிச்சத்தை முழுதாக ஏற்றியபோது 39 முதல் 47 சதவீதம். வீட்டுக்குள் இருக்கும்போது வெளிச்சத்தைக் குறைத்தாலே போதும்.

வாசகர், வத்தளை: *2022 மின்வெட்டுக் காலத்தில் பட்டபாட்டை மறக்கவில்லை. 10,000 பவர் பாங்க் வாங்கினேன். 5000 போனை இரண்டு தரம் ஏற்றும் என்று நினைத்தேன். ஒரு தரத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் வருகிறது. ஏமாற்றிவிட்டார்களா?*

அவசியமில்லை. 10,000 என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கு. பெருக்கினால் 37 வாட் மணி. அதை 5 வோல்ட்டாக உயர்த்தும்போதும், கேபிளிலும், போனின் சார்ஜ் சுற்றிலும் மூன்றில் ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடும். மிஞ்சுவது 24 வாட் மணி அளவு. 5000 மில்லி அம்பியர் மணி போனுக்குத் தேவை சுமார் 19. ஆகவே ஒரு முழுச் சார்ஜும் கால் பங்கும் சரியான கணக்கு. பின்பக்கத்தில் 'ரேட்டட் கப்பாசிட்டி' என்று சிறிய எழுத்தில் 6000 அளவில் ஒரு எண் இருக்கும். வாங்கும்போது அதைப் பாருங்கள். அந்த எண்ணே இல்லாத, அல்லது கையில் எடுத்தால் இலேசாக இருக்கும் 30,000 பெட்டிகளை நம்பாதீர்கள்.

நீண்ட மின்வெட்டு வந்தால் 'பற்றரி சேவரை' 15 சதவீதத்தில் அல்ல, கரண்ட் போன உடனேயே போடுங்கள். மொபைல் டேட்டாவை நிறுத்தி மணிக்கு ஒரு தடவை திறந்து பாருங்கள். சாதாரண அழைப்பு வழக்கம்போல வரும். போனை அடிக்கடி அணைத்து அணைத்துப் போடாதீர்கள், ஒவ்வொரு தரமும் எழும்புவதற்கே செலவாகும். பவர் பாங்க்கில் ஏற்றும்போது போனைப் பாவிக்காமல் வையுங்கள். பெட்டியைப் பாவிக்காத மாதங்களில் வெறுமையாகவோ நிறையவோ விடாமல் பாதியளவில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஏற்றிக்கொள்ளுங்கள்.