அயனோஸ்பியரால ராணுவ ரேடியோ, ரேடார் நெஜமாவே கெடுமா?

கெடும், ஆனா எல்லாமே ஒரே மாதிரி கெடாது. அயனோஸ்பியர்னா சூரியக் கதிரால மின்னூட்டம் ஏறி நிக்குற மேல்வளிமண்டல அடுக்கு. ஷார்ட்வேவ் தூரமா போறதே அயனோஸ்பியர்ல பட்டுத் திரும்புறதாலதான், ஆஸ்திரேலியாவோட ஜிண்டாலி ரேடார் 3000 கி.மீ வரைக்கும் பாக்குறதும் இதே வழியிலதான். சூரியன்ல பெரிய வெடிப்பு வந்தா எக்ஸ்ரே அடிச்சு 60-90 கி.மீ உயரத்துல இருக்குற கீழடுக்கு அலையை முழுங்கிடும், பகல் பக்கம் இருக்குறவங்களுக்கு ஷார்ட்வேவ் காலி. இது எல்லாரும் சொல்றதுதான்.

எனக்கு இதைவிட மோசமா தெரியுறது பிளாஸ்மா குமிழி. சேட்டிலைட் ரேடியோ அயனோஸ்பியரைத் துளைச்சுட்டுப் போயிடும், அதுக்கு என்ன வரப்போகுதுன்னு நெனைப்போம். ஆனா சூரியன் மறைஞ்சதும் கீழ இருக்குற அடுக்கு கரைஞ்சுடும், மேல அடர்த்தி அப்படியே நிக்கும், கீழ இருந்து அடர்த்தி கம்மியான பகுதி குமிழி மாதிரி மேல கிளம்பும், அது வழியா வர்ற சிக்னல் நட்சத்திரம் மினுக்குற மாதிரி ஏறி இறங்கும். பூமியோட காந்த நடுக்கோட்டுப் பக்கம் (காந்தப்புலம் தரைக்குக் கிடையா இருக்குற கோடு) இது சர்வ சாதாரணம், அந்தக் கோடு நம்ம தென்கோடியை ஒட்டிப் போறதாலதான் கேரளாவுல தும்பால ராக்கெட் தளமே வந்துச்சு, திருநெல்வேலி பக்கம் கிருஷ்ணாபுரத்துல இதுக்குன்னே ஒரு ஆய்வகமும் இருக்கு.

2002 மார்ச் 4, ஆப்கானிஸ்தான்ல தாகுர் கர் மலை. 10,000 அடிக்கு மேல இருக்குற உச்சி. அங்க மாட்டிக்கிட்ட அமெரிக்க வீரர்களை மீட்க ஒரு சினூக் ஹெலிகாப்டர் போகுது, உச்சியில இறங்காதீங்கன்னு சேட்டிலைட் ரேடியோல சொல்றாங்க, அது போய்ச் சேரவே இல்ல. நேரா எதிரி முன்னாடி இறங்கிடுச்சு. அன்னைக்கு சண்டையில மொத்தம் 7 அமெரிக்க வீரர்கள் செத்தாங்க. ரொம்ப நாளா மலைதான் மறைச்சுச்சுன்னு பேசிக்கிட்டாங்க, 2014ல அமெரிக்காவோட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மேல்வளிமண்டலத்தை ஆராயுற நாசாவோட டைம்ட் (TIMED) சேட்டிலைட் டேட்டாவைத் தோண்டிப் பாத்து அந்த நேரத்துல அங்க குமிழி இருந்திருக்குன்னு சொன்னாங்க. குமிழி மட்டும் காரணம்னு அவங்களும் சொல்லல, மலையில பட்டுச் சிதறுன சிக்னலும் சேந்து கெடுத்திருக்கலாம்னுதான் சொல்றாங்க. யூடியூப்ல இவங்களை விண்வெளி வானிலைதான் (சூரியனாலயும் அயனோஸ்பியர்லயும் வர்ற மாற்றங்கள்) கொன்னுச்சுன்னு அடிச்சு விடுறவங்களை நம்பாதீங்க.

1967 மே 23 கதையையும் இதோட கொழப்பிக்கிறாங்க. அலாஸ்கா, கிரீன்லாந்து, இங்கிலாந்து மூணு இடத்துலயும் இருந்த அமெரிக்க ஏவுகணை எச்சரிக்கை ரேடார் ஒண்ணா கெட்டுச்சு, சோவியத்தான் ஜாம் பண்றான்னு குண்டுவீச்சு விமானங்களை ரெடி பண்ண ஆரம்பிச்சுட்டாங்க. ரேடாரைக் கெடுத்தது அயனோஸ்பியர் இல்ல, சூரியனோட ரேடியோ அலையே நேரா ஆன்டெனாவுக்குள்ள அடிச்சது. சூரியனைக் கவனிச்சுட்டு இருந்த விமானப்படை ஆளுங்க அதை மேலிடத்துக்குச் சொன்னதாலதான் விமானங்க கிளம்பாம நின்னுச்சு.