அறுபது டாலரைக் கொடுக்காதீர்கள், தராசை எடுங்கள்

கேள்வி: நியூஜெர்சியில் ஒரு ரயில் மாதிரிச் சந்தையில், எச்ஓ அளவில் (நிஜத்தில் 87இல் ஒரு பங்கு) 40 அடி பாக்ஸ்கார், அதாவது பெட்டி போல மூடிய சரக்கு வேகன், ஒன்றை வாங்கினேன். என் மாதிரி ரயில் தளம் 1955ஆம் ஆண்டைக் காட்டுவது. வேகன் வளைவுகளில் தடம் புரள்கிறது, பார்க்கவும் பொம்மை போல இருக்கிறது. விற்றவரே 60 டாலருக்கு ‘முழு மேம்பாடு’ செய்து தருவதாகவும், கூரைமேல் ஆள் நடக்கும் நடைபலகையைக் கழற்றிவிட வேண்டும் என்றும் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். இந்த ‘மேம்பாட்டாளர்கள்’ பலரை எனக்குத் தெரியும். பழுப்புச் சாயத்தைப் பூசித் துருப்பிடித்த தோற்றம் தருவார்கள், கவிழ்த்துப் பார்த்தால் அதே பிளாஸ்டிக் சக்கரம். தடம் புரளும் வேகன் அழுக்கான பிறகும் தடம் புரளத்தான் செய்யும்.

முதலில் எடை. அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் எச்ஓ வேகனுக்குச் சொல்லும் கணக்கு: 1 அவுன்ஸ், அத்துடன் நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்ஸ். உங்கள் வேகன் ஏறக்குறைய ஐந்தரை அங்குலம். ஆகவே 3.75 அவுன்ஸ், அதாவது சுமார் 106 கிராம். சக்கரத்துக்குக் கட்டாயத் தரம் வகுத்த அதே சங்கம் எடையை வெறும் பரிந்துரையாக விட்டுவைத்ததால், காற்றாடி போன்ற வேகன்களைப் பலர் கூசாமல் விற்கிறார்கள். குறையும் எடையைத் தரைத்தட்டின் நடுவில், தாழ்வாக ஒட்டுங்கள். ஈயக் குண்டுகளை வெள்ளைப் பசையில் குழைத்து ஊற்ற வேண்டாம். ஈயம் மெல்ல வெண்மையாகப் பூத்து வீங்கும், சில ஆண்டுகளில் வேகனின் வயிறே பிளந்துவிடும். எஃகுத் தகடு போதும்.

அடுத்து, நிஜ வேகனின் 33 அங்குலச் சக்கரத்துக்கு ஈடான எச்ஓ உலோகச் சக்கரங்கள். அச்சின் நீளம் உங்கள் போகிக்கு (வேகனுக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு போகியின் திருகை, திரும்ப மட்டும் இடம் விட்டு இறுக்குங்கள். மற்றதைப் பக்கவாட்டில் ஆடும்படி தளர்த்துங்கள். வேகன்களை இணைக்கும் பிளாஸ்டிக் கப்ளிங்கைக் கழற்றி காடீ நிறுவனத்தின் எண் 5 போன்ற உலோகக் கப்ளிங்கைப் பொருத்தி, உயரத்தை அளவுக்கருவியால் சரிபாருங்கள். இதில் கண்மதிப்பு செல்லாது.

நடைபலகையைத் தொடாதீர்கள். அமெரிக்காவில் புதிய பாக்ஸ்கார்களுக்கு அது வேண்டாம் என்றானது 1966இல்தான். பழையவற்றில் அதன் பிறகும் பல ஆண்டுகள் இருந்தது. ஆக, 1955இல் அது இல்லையென்றால்தான் தவறு. நாளை உங்கள் தளத்தை 1980களுக்கு மாற்றினாலும், மூடிய ஹாப்பரின் (மேலே நிரப்பி அடியில் கொட்டும் சரக்கு வேகன்) நடைபலகையைப் பிடுங்கிவிடாதீர்கள். அதில் மேல்மூடிகளைத் திறக்க ஆள் ஏறியாக வேண்டும். டேங்க் வேகனிலும் மூடியருகே நிற்க மேடை வேண்டும். பாக்ஸ்காருக்குச் சொன்னதை எல்லாவற்றுக்கும் சொல்வது சந்தைப் பேச்சு.

வேகனின் உடலோடு சேர்த்து வார்த்த கைப்பிடிகளைச் சீவிவிட்டு, 0.3 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியில் புதிதாகச் செய்யுங்கள். ஒரு மாலைப் பொழுது ஆகும், பொம்மைத்தனம் பாதி போய்விடும். பிறகு மங்கல் வார்னிஷ் அடித்து, காய்ந்ததும் துருநிறப் பொடியைத் தூரிகையால் தடவுங்கள். சக்கரம் தண்டவாளத்தில் உருளும் பரப்பிலும் கப்ளிங்கின் வாயிலும் வார்னிஷ் படாமல் முன்பே டேப் ஒட்டிவிடுங்கள்.