பின்னிருக்கை நினைவூட்டல் குழந்தையைக் கண்டறியுமா?

தம்பி, மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும்போது பின்னால் தூங்கும் மகளை மறந்து இறங்கினால், உங்கள் ஜப்பான் காரின் நினைவூட்டல் காட்டிக்கொடுக்குமா என்று கேட்டிருந்தீர்கள். நம்பி இருக்காதீர்கள். பெரும்பாலான கார்களில் அது வெறும் கதவுக் கணக்கு. புறப்படுமுன் பின்கதவு திறக்கப்பட்டிருந்தால், எஞ்சினை நிறுத்தும்போது ஓர் ஒலி, திரையில் ஒரு வரி, அவ்வளவுதான். இருப்பது பிள்ளையா, மீன் பையா என்று அதற்குத் தெரியாது. காத்தான்குடியில் பெட்ரோல் அடிக்க நிறுத்தி, பின்கதவைத் தொடாமல் மறுபடி கிளம்பினால் சில கார்களில் அந்த ஒலியும் வராது.

சோதிப்பது எளிது. வெறும் காரின் பின்கதவைத் திறந்து மூடிவிட்டு ஒரு சுற்று ஓட்டி நிறுத்துங்கள். ஒலித்தால் கதவுக் கணக்கேதான்.

உண்மையில் பிள்ளையைக் கண்டறிவது ரேடார் உணரி. 60 கிகாஹெர்ட்ஸ் அலையில் இயங்கும் அது, போர்வைக்குள் தூங்கும் சிசுவின் நெஞ்சு மூச்சுக்கு ஏறி இறங்குவதைக்கூடப் பிடித்துவிடும். கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பிடும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப் 2023இல் இத்தகைய வசதிகளுக்குப் புள்ளி தரத் தொடங்கியது.

பிள்ளையைக் காரில் விட்டுப் போனாலும் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவைத்தால் போதும் என்பார்கள், கேட்காதீர்கள். வெயிலில் பத்தே நிமிடத்தில் உள்ளே ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் வெப்பம் கூடிவிடும். ரேடார் உணரி உள்ள கார் கிடைக்கும்வரை, இறங்கும்போது பின்னால் பார்க்க மறக்காதபடி உங்கள் கைப்பேசியை மகளின் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்து ஓட்டுங்கள்.